ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை எப்படிப் பார்ப்பது? ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், நாகப்பட்டினம் கரையோரம் இறால் பண்ணை நடத்துபவர்கள், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலைக்காரர்கள் என்று டெல்டாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி இப்போது பல வாசல்களில் நிற்கிறது. தார், ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் எல்லாம் உண்டு. அதிலும் ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் அந்தக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி விசாரித்தால் இரண்டே பதில்தான் வரும். "காலையில வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இன்ஜின் ஆயில் பாக்குற மாதிரியே குச்சிய எடுத்துப் பாருங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் கம்பெனியிலயே சீல் பண்ணி வர்றது, தொடவே கூடாது" என்பது இன்னொன்று.

இரண்டும் தப்பு. முதலாவதைக் கேட்டால், குறைந்துபோன எண்ணெய் நிறைந்திருப்பதாகத் தெரியும். இரண்டாவதைக் கேட்டால், கசிவு இருந்த விஷயமே கியர்பாக்ஸ் போன பிறகுதான் தெரியவரும்.

எந்த ஆட்டோமேட்டிக்கைப் பற்றிப் பேசுகிறோம்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்லிவிடுகிறோம். சிறிய கார்களில் வரும் ஏ.எம்.டி. என்பது உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. அதற்குள் இருப்பது கியர் ஆயில். சி.வி.டி., டி.சி.டி. வகைகளுக்குத் தனித்தனி எண்ணெய், தனித்தனி முறை. இந்தக் கட்டுரை டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பற்றியது. மேலே சொன்ன மூன்று வண்டிகளின் ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது இந்த வகை, ஆறு கியர்.

அந்தச் சிவப்பு எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது?

இன்ஜின் எண்ணெய்க்கு முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் எண்ணெய்க்கு, அதாவது ஏ.டி.எஃப்.புக்கு, வேலை அதைவிட அதிகம்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வட்டமான ஓர் எஃகுக் கூடு இருக்கிறது. அதுதான் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே எண்ணெய் நிரம்பியிருக்கும். எதிரெதிரே இரண்டு இறக்கைச் சக்கரங்கள் இருக்கும். ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது. அது எண்ணெயை வீச, அந்த வீச்சில் எதிரே இருப்பது சுற்றுகிறது. வண்டியைக் கிளப்பும்போது ஒன்றை ஒன்று தொடாமலே விசை கைமாறுகிறது. சிக்னலில் டி-யில் (முன்னோக்கி ஓட்டும் நிலையில்) போட்டு பிரேக்கை மிதித்து நின்றாலும் இன்ஜின் அணையாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து கியர் மாற்றம். கியர்பாக்ஸுக்குள் பல அடுக்குகளாகக் கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. எந்த அடுக்கு இறுகுகிறதோ அதற்கேற்ற கியர் விழும். இறுக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தத்தை எந்த அடுக்குக்கு, எப்போது அனுப்புவது என்பதை வால்வு பாடி பார்த்துக்கொள்ளும். நுண்ணிய துளைகளும் வால்வுகளும் நிறைந்த ஓர் உலோகப் பகுதி அது. எண்ணெயை உறிஞ்சி அழுத்தம் கொடுக்க ஒரு பம்ப் உண்டு. இன்ஜின் ஓடினால்தான் அந்தப் பம்ப் ஓடும். இந்த ஒரு வரியை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

சொல்லப்போனால், சேற்றில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் வண்டியை டிராக்டரில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவது ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும், பம்ப் ஓடாது. ஆனால் சக்கரம் உருள உருள உள்ளே பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும்.

இவை போக, சூட்டை எடுத்துக்கொண்டு போய்க் குளிர்விப்பானில் கொட்டுவதும் இதே எண்ணெய்தான். பல வண்டிகளில் அந்தக் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது டெல்டாவில் தனி வம்பு, பிறகு வருகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், விசையைக் கடத்துவது, கியரை இறுக்குவது, சூட்டைத் தணிப்பது, உராய்வைக் குறைப்பது என நான்கும் ஒரே எண்ணெயின் பொறுப்பு. அதனால் அளவு கொஞ்சம் தவறினாலும் பாதிப்பு ஒரு பக்கத்தோடு நிற்காது.

இன்ஜின் ஓடும்போது ஏன் பார்க்க வேண்டும்?

மே மாதத்தில் ஹாலில் ஓடும் ஏர் கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பை அணைத்து வைத்திருக்கும்போது தொட்டியில் தண்ணீர் நிறைந்து தெரியும். பம்பைப் போட்டதும் தண்ணீர் மேலே ஏறிப் பக்கவாட்டுத் திண்டுகளை நனைக்கும். தொட்டியின் மட்டம் இறங்கிவிடும். அணைத்தால் திண்டிலிருந்து வடிந்து பழையபடி ஏறும். தண்ணீரின் மொத்த அளவு மாறவில்லை, இருக்கும் இடம்தான் மாறியது. பம்ப் ஓடும்போது விளிம்பு வரை ஊற்றிவிட்டு அணைத்தால் தரையெல்லாம் தண்ணீர்.

கியர்பாக்ஸிலும் அப்படித்தான். தொட்டி என்பது அடியில் இருக்கும் ஆயில் பேன். இன்ஜினை அணைத்ததும் கன்வெர்ட்டர், குளிர்விப்பான், குழாய்கள் ஆகியவற்றில் இருந்த எண்ணெயில் ஒரு பகுதி பேனுக்கு வடிந்து இறங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் குச்சியை எடுத்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலேயே இருக்கும். 'ஃபுல்லா இருக்கு' என்று மூடிவிடுவோம். ஓடும்போது அதே எண்ணெய் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். குச்சியில் உள்ள கோடுகள் பம்ப் ஓடும் நிலைக்குப் போடப்பட்டவை. ஆகவே இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓட வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. ஹோண்டாவின் பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்கிறது கையேடு. சில பழைய ஜீப் மாடல்களில் லிவர் பி-யில் (பார்க்கிங்) இல்லாமல் என்-னில் (நியூட்ரல்) இருக்க வேண்டும். அந்தந்தக் கியர்பாக்ஸின் அமைப்பைப் பொறுத்து அந்தந்தக் கம்பெனி கோடு போட்டிருக்கிறது. அதனால் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. பக்கத்து வண்டிக்காரர் சொல்வது அவர் வண்டிக்குச் சரியாக இருக்கலாம்.

சூட்டைக் கேட்காமல் அளவு சொல்ல முடியாது

சூடேறினால் எண்ணெய் விரியும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழு பங்கு. கேட்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 10 லிட்டர் எண்ணெய், 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகிறது. 50 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 350 மில்லி கூடிவிடுகிறது. குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள இடைவெளியே பெரும்பாலும் அரை லிட்டரை ஒட்டித்தான். சூட்டைக் கவனிக்காமல் பார்த்தால் பாதிக்கு மேல் பிசகிப்போகும். குச்சியில் 'கோல்டு', 'ஹாட்' என்று இரண்டு இடங்களில் கோடு இருப்பது இதற்காகத்தான்.

அதிகமாகிவிட்டால் என்ன? சுழலும் பாகங்கள் எண்ணெயில் முங்கி அடித்து நுரை கிளப்பும். நுரையில் காற்று இருக்கிறது. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. கிளட்ச் தட்டுகளை இறுக்க வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகும். குறைந்துபோனாலும் பம்ப் காற்றை உறிஞ்சி இதே நிலைதான். டி-யில் போட்டதும் கிளம்பாமல் ஒரு நொடி தயங்குவது, கியர் மாறும்போது இன்ஜின் மட்டும் வீணாகச் சீறுவது ஆகிய அறிகுறிகள் இரண்டு கோளாறிலும் வரும். அறிகுறியை வைத்துக்கொண்டு 'எண்ணெய் குறைவுதான்' என்று ஊற்றிவிடக் கூடாது. அளந்தே ஆக வேண்டும்.

டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டியில்

சமதளம் முதல் தேவை. டெல்டா தட்டை பூமி என்று பெயர்தான். ரோடு உயர உயர, வாசலில் சிமென்ட் சரிவு போட்டு வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம். அந்தச் சரிவில் பார்த்தால் அளவு பொய். நெல் கொள்முதல் நிலையத்துக் களம், அரிசி ஆலை எடைமேடை மாதிரியான இடம் கிடைத்தால் நல்லது.

கால் மணி நேரம், இருபது நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லிவரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடிகள் நிறுத்தி, திரும்ப பி-க்கு வாருங்கள். உள்ளே எல்லா வழிகளிலும் எண்ணெய் நிரம்பட்டும் என்பதற்காக இது.

பானட்டைத் திறந்து குனிவதற்கு முன் தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். பட்டறையில் கைக்குக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து உதிரும் ஓர் இழை குச்சியோடு உள்ளே போனால் வால்வு பாடியின் துளையை அடைத்துக்கொள்ளும். முழுக்க உள்ளே செருகி மறுபடி உருவுங்கள். இப்போது குச்சியைப் படுக்கையாகப் பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மேல்கோடு வரை நனைந்திருக்கும், மறுபக்கம் அதற்குச் சற்றுக் கீழேயே நின்றிருக்கும். ஏறிய பக்கம் குழாயின் சுவரில் உரசி ஒட்டிய எண்ணெய். தாழ்ந்த பக்கம்தான் உண்மை. சந்தேகமிருந்தால் துடைத்து இன்னொரு தடவை.

குறைந்தால் நீண்ட புனலை அதே குழாயில் வைத்து, 100, 150 மில்லியாக ஊற்றி ஊற்றிப் பார்க்க வேண்டும். ஊற்றுவது எளிது, மிஞ்சினதை வெளியே எடுப்பதுதான் அரைநாள் வேலை.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில்

இப்போது வரும் வண்டிகளில் பல இந்த வகை. 2016-இல் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கிலும் குச்சி கிடையாது. 'சீல் பண்ணது' என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான். குச்சி இல்லையே தவிர, அளவு பார்க்க வழி இருக்கிறது.

பேனின் அடியில் ஒரு நட்டு இருக்கும். அதற்கு உள்பக்கம் குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு சிறு குழாய் நிற்கும். எண்ணெய் அந்த உயரத்தைத் தாண்டினால் குழாய் வழியே வெளியே வழியும். இன்ஜின் ஓட, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது நட்டைக் கழற்ற வேண்டும். ஒழுகிய எண்ணெய் மெலிந்து சொட்டுச் சொட்டாக ஆகும்போது நட்டைப் பூட்டிவிட்டால் அளவு சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் பக்கவாட்டுத் துளை வழியாக ஊற்ற வேண்டும். வண்டி நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் தூக்கி நிற்க வேண்டும்; முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது. இதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். லிஃப்டும் ஸ்கேனரும் உள்ள பட்டறைக்குப் போங்கள். எண்ணெயின் சூட்டை ஸ்கேனர்தான் சொல்லும்.

அந்தச் சூடு பல வண்டிகளில் 40 டிகிரியை ஒட்டிய ஒரு குறுகிய வரம்பு. இங்கேதான் நம்ம ஊர் வெயில் குறுக்கே வருகிறது. குளிர் நாட்டில் இன்ஜினைப் போட்டுக் கொஞ்சம் சூடேற்றினால் 40 வரும். திருச்சி, தஞ்சாவூரில் மே மாத மதியத்தில் காற்றே 40 டிகிரி. வண்டி நிற்கும்போதே எண்ணெய் அந்த வரம்பில் இருக்கும். இன்ஜினைப் போட்டு லிவரை நகர்த்தி முடிப்பதற்குள் தாண்டிவிடும். சூடு அதிகமாக இருக்கும்போது திறந்தால், விரிந்து நிற்கும் எண்ணெய் கூடுதலாக வழிந்து, ஆறிய பிறகு குறைவாக இருக்கும். கோடையில் இந்த வேலைக்கு வண்டியை முந்தின நாள் இரவே பட்டறையில் விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்வது நல்லது.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: இன்ஜின் ஓட வேண்டும், சூடு சொன்ன அளவில் இருக்க வேண்டும், வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் கிடைக்கும் அளவுக்கு அர்த்தம் இல்லை.

ஃபோர் வீல் டிரைவில் எண்ணெய் ஓரிடத்தில் இல்லை

"கியர் ஆயில் பாத்தாச்சா?" என்றால் "பாத்தாச்சு அண்ணே" என்று பதில் வரும். எதைப் பார்த்தார்கள்? சாதாரண காரில் அந்தக் கேள்விக்கு ஒரே இடம்தான். ஃபோர் வீல் டிரைவில் கியர்பாக்ஸைத் தவிர இன்னும் மூன்று இடங்கள். ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸ்: கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு, விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி. டூ ஹெச் (இரண்டு சக்கர ஓட்டம்), ஃபோர் ஹெச் (நான்கு சக்கர ஓட்டம்), ஃபோர் எல் (நான்கு சக்கர மெதுவோட்டம்) என்று மாற்றுவது இதைத்தான். மற்ற இரண்டும் முன்னும் பின்னும் உள்ள டிஃபரன்ஷியல்கள். பட்டறையில் கிரவுன் என்பார்கள். விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பங்கிடுபவை.

இந்த மூன்றிலும் பார்க்கும் முறை வேறு. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நட்டைக் கழற்றினால் எண்ணெய் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். டிஃபரன்ஷியலுக்குக் கெட்டியான கியர் ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சில வண்டிகளில் கியர் ஆயில், சிலவற்றில் ஏ.டி.எஃப்.

இப்போது முக்கியமான விஷயம். ஏ.டி.எஃப். எரிந்து குறைவதில்லை. இன்ஜின் எண்ணெயாவது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தீரும். கியர்பாக்ஸில் அது எரிய இடமே இல்லை. அளவு குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று பொருள். பேனின் கேஸ்கெட், குளிர்விப்பான் குழாய் இணைப்பு, ஷாஃப்ட் வெளிவரும் இடத்துச் சீல் என்று தேடுவார்கள். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனாலும் குறைகிறது.

அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சீல் உண்டு. அது தேய்ந்தால் ஏ.டி.எஃப். வெளியே சொட்டாமல் பக்கத்துப் பெட்டிக்குள் கசிந்து போகும். டிரான்ஸ்ஃபர் கேஸின் நட்டைத் திறந்ததும் எண்ணெய் தாராளமாகக் கொட்டினால், அதுவும் நீர்த்துச் சிவந்திருந்தால், கணக்கு அங்கே நேராகிவிடும்: இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கிறது. இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸில் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மாதாமாதம் ஊற்ற வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தேவையான கெட்டி எண்ணெயும் நீர்த்துப்போய் அதுவும் கெடும்.

இன்னொரு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் லிவர் பி-யில் இருந்தும் வண்டி உருளும். பி பூட்டுவது கியர்பாக்ஸைத்தான். சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு அறுந்திருக்கும். வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் உப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து ரோட்டில் தண்ணீர் ஓடுவது இங்கே வழக்கம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. ஃபோர் வீல் டிரைவ் என்றால் தண்ணீரில் இறங்கலாம் என்ற தைரியம் வேறு. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை கடக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. புது வண்டிக்கு அது சரி. பழைய சீலுக்கும் விட்டுப்போன குழாய்க்கும் அந்த உறுதி பொருந்தாது.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் உள்ளே சூடேறும் காற்று வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. சூடாக ஓடி வந்த வண்டி சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து இழுக்கும். மூச்சுக்குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுபடுவது தண்ணீர். ஏ.டி.எஃப்.பில் தண்ணீர் கலந்தால் அசல் ரோஸ்மில்க் நிறம் வந்துவிடும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகித வகையைச் சேர்ந்தது. தண்ணீரை உறிஞ்சி ஊறும், பசை விடும். அந்த நிறத்தைக் கண்டால் அளவு பார்ப்பதெல்லாம் பிறகு. இன்ஜினை அணைத்துவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

மழையே இல்லாமலும் இந்த நிறம் வரும். முன்பு சொன்ன வம்பு இதுதான். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. கூலன்ட் வாங்காமல் அதையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். உள்ளே உள்ள கியர்பாக்ஸ் குளிர்விப்பான் அரித்து ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் தண்ணீரும் ஏ.டி.எஃப்.பும் கலந்துவிடும். முதலில் அளவு கூடியதுபோலத் தெரியும். கூலன்ட் பாட்டிலில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள். உப்பளத்து ரோடுகளில் ஓடும் வண்டி என்றால் வெளிப்பக்கம் பேனும் குழாய்களும் துருப்பிடிக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது அடியில் பார்க்க வேண்டும்.

நிறம், வாசனை, எந்த எண்ணெய்

புது ஏ.டி.எஃப். பெரும்பாலும் சிவப்பு, அது சேர்க்கப்பட்ட சாயம், கசிவைக் கண்டுபிடிக்க வசதி. சில புது வகைகள் பச்சை, நீலமாகவும் வரும். ஓட ஓடப் பழுப்பாவது இயல்பு. கருத்து, கருகல் வாடையும் அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. களிமண் வயலில் சக்கரம் புதைந்து நகராமல் நிற்கும்போது டி-யில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்துவது இதற்கு நேர்வழி. வண்டியை நகர்த்த வேண்டிய விசை முழுக்கக் கன்வெர்ட்டருக்குள் சூடாக மாறுகிறது. சில நொடி முயன்று நகரவில்லை என்றால் நிறுத்தி, ஃபோர் எல்-லுக்கு மாற்றி, மண்ணை வெட்டிவிட்டு எடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதில் கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டாம். டெக்ஸ்ரான், மெர்கான், டொயோட்டா டபிள்யூ.எஸ். என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தரம். எல்லாம் சிவப்பாக இருந்தாலும் வழுக்கலும் பிடிப்பும் வேறு வேறு. தட்டுகள் இறுகும்போது எவ்வளவு வழுக்கி எப்போது பிடிக்க வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்த மருந்துதான் முடிவு செய்கிறது. (1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அதற்குத் திமிங்கில எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தார்கள்.) கையேட்டில் எழுதியிருக்கும் பெயர் டப்பாவில் இருக்க வேண்டும். 'எல்லாத்துக்கும் ஆகும்' என்று விற்பதை விட்டுவிடலாம்.

முழுவதும் மாற்றச் சொன்னால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேனின் நட்டைத் திறந்தால் பாதி எண்ணெய்கூட வராது. மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தமும் மாற்றியாச்சு என்று பில் போட்டால், எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், எத்தனை டிகிரியில் அளவு பார்த்தீர்கள் என்று மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.